ஏற்கப்பட்ட வெடிப்பு

ஒரு தூண் உடைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கெல்லாம் இரண்டு கண் போதும். அந்த வீடியோ கேம் நிறுவனத்தில் அதற்குப் பதினோரு கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடுகிற பதினோரு பேரில் எட்டுப் பேர் உடைந்த தூணை நேரில் பார்த்ததில்லை. மிச்சம் மூன்று பேர் பார்த்திருக்கலாம். ஆனால் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

அங்கே நாலாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் சிமெண்ட் அக்கா என்பார்கள். நாற்பத்தொரு வயது. ஆறு வருடமாகக் கான்கிரீட்டை உடைப்பதுதான் வேலை. கணினித் திரையில்தான் உடைக்கிறாள் என்றாலும் கொத்தனார் வேலையைத் தலைகீழாகச் செய்வது போலத்தான் அது. முதலில் சுத்தமான ஒரு கட்டையை எடுத்துக்கொள்வாள். வண்டி எங்கே இடித்திருக்கும், தண்ணீர் எங்கே இறங்கியிருக்கும், யார் எதை இழுத்துப்போய் எந்த விளிம்பைப் பெயர்த்திருப்பார்கள் என்று யோசித்து, அந்த இடத்தில் மட்டும் செதுக்குவாள். உடைந்த இடத்தில் ஜல்லி தெரிய வேண்டும். ஜல்லி உதிர்ந்த இடத்தில் அது உட்கார்ந்திருந்த குழி தெரிய வேண்டும். உருவம் முடிந்ததும் மேல்தோல். அதை அவர்கள் டெக்ஸ்சர் என்பார்கள். புதிதாக உடைந்த இடம் வெளிறியிருக்கும், பழைய உடைப்பில் அழுக்கு ஏறியிருக்கும், கம்பிக்குக் கீழே துரு வழிந்திருக்கும். இதையெல்லாம் மூன்று வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு செய்து முடித்தால், விளையாடுகிறவன் துப்பாக்கியும் கையுமாக அதைத் தாண்டி அரை நொடியில் ஓடிவிடுவான். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஓடுகிறவன் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் தூண் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவளுடைய கணவருக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. இரண்டாம் கீழ்த்தளத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளர். குழாய், லிஃப்ட், விளக்கு, தாழ்ப்பாள் எல்லாம் அவர் பொறுப்பு. மனைவி நாள் முழுக்க உடைக்கிறாள், புருஷன் நாள் முழுக்க ஒட்டுகிறார் என்று சொல்லி வீட்டில் சிரித்த காலமும் உண்டு. இப்போது இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கே தெம்பு பத்துவதில்லை.

அவருடைய அறையின் மூலையில் நிற்பதுதான் ஏழாம் எண் தூண். நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் முதுகு அதில் முட்டும். மேல்மாடிக் கழிவறைக் குழாய் எத்தனையோ வருடமாகச் சுவருக்குள்ளேயே கசிந்து, தூணுக்குள் இருந்த கம்பி துருப்பிடித்து, துரு உப்பி, வெளிப்பூச்சைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. வெளியிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டினார்கள். அவர் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். உள்ளே பொத்தல் என்று சத்தமே சொன்னது. ஆறு வாரத்துக்குள் இதைப் பலப்படுத்தியாக வேண்டும், அதற்கு மேல் இந்தத் தூணை நம்ப முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கணவர் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்.

இந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ஒரு தூண் தேவைப்பட்டது. புது விளையாட்டு, பாழடைந்த நகரம், அதன் நடுவில் பெரிய தூண். சாப்பாட்டு இடைவேளைகளில் கீழே போய்க் கணவரின் தூணை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி நானூறு படம் எடுத்தாள். வேலை தொடங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முப்பத்திரண்டு கேள்வி. பத்தொன்பதாவது கேள்வி: மூல ஆதாரம் எது, எங்கே உள்ளது? அந்தக் கட்டத்தில் எல்லோரும் ‘கற்பனை’ என்று எழுதுவார்கள். அன்றைக்குக் கேள்வியை நிஜமாகவே படித்துத் தொலைத்துவிட்டாள் அக்கா. நம் கட்டடம், இரண்டாம் கீழ்த்தளம், தூண் எண் ஏழு என்று எழுதினாள்.

அந்தக் கட்டத்தில் அதுவரை யாரும் உண்மையை எழுதியதில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று மனிதர் யாருக்கும் தெரியாது, கணினிக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை கொத்தனார் முட்டுக் கம்பமும் மணலுமாக வந்து இறங்கியபோது, தூணைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி ஒரு பலகை தொங்கவிட்டிருந்தார்கள். ‘இது மூல ஆதாரம். படைப்பு ஏற்கப்படும்வரை இதைத் தொடவோ சீர்செய்யவோ கூடாது. இங்ஙனம், சேத ஏற்புக் குழு.’

கொத்தனார் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மணலைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் வீட்டில் கணவர் கேட்டார்.

“நீதான் எழுதுனியா?”

“எங்க இருக்குன்னு கேட்டிருந்துச்சுங்க. எழுதிட்டேன்.”

“மத்தவங்கெல்லாம் என்ன எழுதுவாங்க?”

“கற்பனைன்னு எழுதுவாங்க.”

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதையே எழுதியிருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

எழுதியதை அழித்துத் தரச் சொல்லி அக்கா அலைந்தாள். படிவப் பிரிவில் இருந்தவர் நல்ல மனுஷன். விதியை எடுத்துக் காட்டினார். கொடுத்த தகவலை மாற்ற வேண்டுமானால் அது பொய் என்று நிரூபிக்க வேண்டும். பொய்யாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம், தினமும் நாற்பது திருத்துகிறோம் என்றார். தூணோ கீழே குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருந்தது. ஆகவே ஒரே வழிதான் மிச்சம்: அவள் செய்கிற தூணைக் குழு ஏற்க வேண்டும். ஏற்றால் நாடாவை அவிழ்ப்பார்கள். அவிழ்த்தால் கணவர் முதுகுக்குப் பின்னால் நிற்பதைச் சரிசெய்யலாம். ஆறு வாரம்.

சேத ஏற்புக் குழு கூடுகிற அறையில் கால் புதைகிற கம்பளம் உண்டு. தலைவருடைய நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காளான் படம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு விளையாட்டில் அவர் செய்த காளான் அது. யாரோ அதைப் பாராட்டினார்கள். அன்றிலிருந்து அவர் எதையும் செய்யவில்லை; மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் காளான்காரர் என்று பெயர். அவருக்கு வலது பக்கம் உணர்வு அலுவலர் என்கிற அம்மாள். இடது பக்கம் ஒப்புமை அலுவலர். எந்நேரமும் அளவு நாடாவும் கையுமாக இருப்பார். மற்ற எட்டுப் பேர் கையெழுத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

அக்கா இரண்டு வாரம் செதுக்கிய தூணைத் திரையில் சுழற்றிக் காட்டினாள். மூலையோடு நேராக இறங்குகிற விரிசல், கம்பியின் நீளத்துக்குப் பெயர்ந்த பூச்சு, கீழே மெல்லியதாக வழிந்த துரு. எல்லோரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். உணர்வு அலுவலர் முதலில் வாயைத் திறந்தார்.

“இந்தத் தூண் எதை நினைச்சு வருத்தப்படுது?”

“மேல கழிவறைக் குழாய் ஒழுகுது மேடம்,” என்றாள் அக்கா.

படைப்பாளர் பதிலளிக்க விரும்பவில்லை என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். காளான்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் உரை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எட்டுப் பேரும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

“நாங்க சேதத்தைப் பார்க்கறதில்லம்மா,” என்று ஆரம்பித்தார் அவர். “சேதம் யார் வேணா பண்ணலாம். ஒரு லாரி பண்ணும். சேதத்துக்குப் பின்னால என்ன இருக்குன்னுதான் இந்தக் குழு பார்க்குது. நான் காளான் பண்ணினப்போ காளானைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்க முடியாது. தெரியாததுதான் என் பலம். உங்களுக்குத் தூணைப் பத்தி நிறையத் தெரிஞ்சிருக்கு. அதுதான் இடைஞ்சலா இருக்கு.”

திருத்தி எடுத்து வரச் சொன்னார்கள். எதைத் திருத்துவது என்று யாரும் சொல்லவில்லை. கேட்கிற வழக்கமும் அங்கே கிடையாது.

மூன்றாவது வாரம் ஒப்புமை அலுவலர் நாடாவை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனார். அக்காவின் படங்களில் நாலு மில்லிமீட்டர் இருந்த விரிசல் இப்போது ஏழு இருந்தது. மூலையில் சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து தரையில் கிடந்தது. ஆளாக இருந்தால் ஓடியிருப்பான். அவர் அலுவலர், குறிப்பெடுத்துக்கொண்டார். மறுநாள் அக்காவின் கணவருக்குக் கடிதம் வந்தது. உமது பொறுப்பிலுள்ள மூல ஆதாரத்தில் முன் அனுமதியின்றி மாற்றம் ஏற்பட விட்டது ஏன் என்று மூன்று நாளில் விளக்க வேண்டும்.

விரிசல் என்னைக் கேட்டுக்கொண்டு வளரவில்லை என்று அவர் பதில் எழுதினார். பதில் திருப்தியாக இல்லை என்று முடிவு செய்தார்கள். மறு உத்தரவு வரும்வரை விரிசலை ஏழு மில்லிமீட்டரிலேயே வைத்திருக்க வேண்டும். விழுந்த சில்லை இருந்த இடத்திலேயே ஒட்ட வேண்டும். சிமெண்ட் வைத்தால் அது சீர்செய்ததாகிவிடும் என்பதால் பசை மட்டும் பயன்படுத்தலாம். ஒப்புமை அலுவலர் பக்கத்தில் நின்று கோணம் சொல்ல, கணவர் முட்டி போட்டு உட்கார்ந்து, காகிதம் ஒட்டுகிற பசையால் அந்தச் சில்லை ஒட்டினார். அலுவலர் லிஃப்டில் ஏறும்போது அது மறுபடியும் விழுந்தது. சத்தம் கேட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, அறையையாவது மாற்றித் தாருங்கள் என்று கணவர் கேட்டுப் பார்த்தார். கட்டடத்தின் மின்பலகை அந்த அறையில்தான் இருந்தது. ஆள் இல்லாமல் விட முடியாது என்றார்கள். நாற்காலியை எதிர்ச் சுவர் ஓரமாகப் போட்டுக்கொள்கிறேன் என்றார். நானூறு படத்தில் அறுபத்திரண்டில் நாற்காலியும் விழுந்திருந்தது. ஆகவே நாற்காலியும் மூல ஆதாரம். அதன் கையிலும் ஒரு சின்ன அட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். உட்காருவதும் உட்காராமல் இருப்பதும் அவர் இஷ்டம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். கால் வலிக்கிறவரை நின்றுவிட்டு, அப்புறம் அவர் அதில்தான் உட்கார்ந்தார்.

அக்காவுக்கு அந்த வாரங்களில் சோறு இறங்கவில்லை. நாலாவது மாடியில் யாராவது மேஜையை இழுத்தால்கூட உடனே கீழே ஃபோன் போட்டு, ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்பாள். அவரும் ஒன்றுமில்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்பார். இருபது வருடக் குடித்தனத்தில் அவர்கள் இவ்வளவு ஃபோன் பேசிக்கொண்டதே இல்லை.

பாதுகாப்பு அதிகாரிக்கு அவர் மூன்று கடிதம் எழுதினார். மூன்றும் பிரிக்கப்படாமலேயே திரும்பி வந்தன. ஏழாம் எண் தூண் தற்போது கலைப் பிரிவின் கீழ் வருகிறது என்று உறையின் மேல் முத்திரை குத்தியிருந்தது. அக்கா, பொறியாளர் கொடுத்த கடிதத்தையே எடுத்துக்கொண்டு குழுவின் முன் போய் நின்றாள். இது விழுந்துவிடும், கீழே என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று நாக்குழறச் சொன்னாள். உணர்வு அலுவலர் கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து அக்காவுக்கு உயிர் வந்தது.

“எவ்வளவு பயமா எழுதியிருக்காரு. இவர் எழுத்தாளரா?” என்றார் அந்த அம்மாள்.

கடிதத்தை அறை வாசலில் உணர்ச்சிப் படங்களுக்காக வைத்திருந்த மனநிலைப் பலகையில் குத்தி வைத்தார்கள். புயல் படம் ஒன்றுக்கும் அழுகிற குழந்தை படம் ஒன்றுக்கும் நடுவில் அது தொங்கியது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படித்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிப் போனார்கள்.

நாலாவது வாரக் கடைசியில் அக்காவுக்கு வெறுத்துப்போனது. திருத்தித் திருத்திக் கை ஓய்ந்திருந்தது. நானூறில் நல்லதாக ஒரு புகைப்படத்தை எடுத்து, அதையே படைப்பு என்று திரையில் போட்டாள். பதினான்கு குறை கண்டுபிடித்தார்கள். துரு இவ்வளவு தூரம் வழியாது. ஜல்லியின் அளவு நம்பும்படி இல்லை. விரிசல் மூலையோடு நேராகப் போகிறது. இயற்கையில் எதுவும் நேராகப் போகாது. பொதுவாகவே பொம்மைத்தனம் தெரிகிறது. ஆறு வருட அனுபவம் இருந்தும் கை இன்னும் பழகவில்லையே என்று காளான்காரர் வருத்தப்பட்டார்.

அக்கா, இது நான் செய்ததில்லை, கீழே இருக்கிற தூணின் புகைப்படம் என்றாள். எட்டுப் பேரில் ஒருவர் தண்ணீர் குடித்தார். காளான்காரர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இருக்கட்டும். நிஜமா இருக்கறதெல்லாம் நிஜமா தெரியணும்னு எந்தச் சட்டமும் இல்லையே. அந்தத் தூண் தப்பா உடைஞ்சிருக்கு. அதைக் குத்தம் சொல்ல முடியாது, அதுக்குப் பயிற்சி கிடையாது. எனக்குப் பத்தொன்பது வருஷப் பயிற்சி இருக்கு. உங்களுக்கு ஆறு வருஷம். தூண் பண்ற தப்பை நாம பண்ணலாமா?”

அக்கா இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. அன்றைக்கு மத்தியானமே ஒரு தூணைச் செய்தாள். உச்சியிலிருந்து அடிவரை மின்னல் மாதிரி ஒரு வெடிப்பு. நாலு விளிம்பையும் எலி கடித்த மாதிரி ஒரே சீராகக் கடித்து வைத்தாள். மூன்று கம்பிகளை வெளியே இழுத்து விரல் மாதிரி வளைத்தாள். தண்ணீரும் வெளிச்சமும் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடிப் பச்சைப் பாசி பூசினாள். யாராவது பக்கத்தில் வந்தால் திரையை மறைத்துக்கொண்டாள். மூன்று மணி நேரத்தில் முடிந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே கூசியது.

குழு எழுந்து நின்று கை தட்டியது. உணர்வு அலுவலர் பாசியைப் பார்த்து, இப்போதுதான் இது பேசுகிறது என்றார். பத்தே நிமிடத்தில் பதினோரு கையெழுத்து. தன்னுடைய காளானுக்குப் பிறகு இந்த நிறுவனத்தில் நடந்த பெரிய காரியம் இதுதான் என்றும், அதிலும் காளானின் சாயல் இருப்பதைத் தான் கவனிக்கத் தவறவில்லை என்றும் காளான்காரர் சொன்னார்.

அக்கா கீழே ஓடினாள். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஆறு மாடிப் படி இறங்கி, மூச்சு வாங்க அவரிடம் செய்தியைச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் வந்து பலகையை மாற்றினார். புதிய பலகையும் தூணைத் தொடக்கூடாது என்றுதான் சொன்னது. கூடவே ஒரு உத்தரவு. விளையாட்டு உருவான விதம் பற்றி விளம்பரப்படம் எடுக்கப் போகிறார்கள். திரையில் இருக்கும் தூணும் நிஜத் தூணும் அருகருகே காட்டப்படும். ஆனால் நிஜத் தூண் ஏற்கப்பட்ட தூணைப் போல இல்லை என்று ஒப்புமை அலுவலர் அறிக்கை கொடுத்திருக்கிறார். எனவே பத்து நாளுக்குள் தூண் எண் ஏழை, ஏற்கப்பட்ட படைப்புக்கு ஒப்பாக மாற்ற வேண்டும். இந்த வேலைக்காக மட்டும், இந்தப் பத்து நாளும், பராமரிப்பு மேற்பார்வையாளர் அதைத் தொடலாம்.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் உத்தரவை மூக்குக்கு நேரே பிடித்து ஒரு தடவை படித்தார். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“தொடலாம்னு போட்டிருக்கு பாரு.”

“ஒடைக்கச் சொல்லித்தாங்க போட்டிருக்கு.”

“வெளிய எப்படி இருக்கணும்னுதான் சொல்லியிருக்காங்க. உள்ள எப்படி இருக்கணும்னு ஒருத்தரும் சொல்லல.”

அன்றைக்கே கொத்தனார் வந்துவிட்டார். பொறியாளரும் வந்து பக்கத்தில் நின்றார். இரும்பு முட்டுக் கொடுத்து மேலே இருந்த பாரத்தைத் தாங்கிக்கொண்டார்கள். பொத்தலான கான்கிரீட்டையெல்லாம் கொத்தித் தள்ளி, கம்பியைத் துரு போகத் தேய்த்து, புதுக் கம்பி சேர்த்துக் கட்டினார்கள். சுற்றிலும் பலகை அடித்து, சீக்கிரம் இறுகுகிற கலவையை ஊற்றினார்கள். குழாயையும் மாற்றினார்கள். எட்டாம் நாள் பலகையைப் பிரித்தபோது, தூண் முன்னைவிட ஒரு சாண் பருமனாக, மழமழவென்று நின்றது. கணவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். இதில்தான் வெடிப்பு வரையப் போகிறார்கள் என்று கேட்டதும் கொத்தனாருக்குத் தலை சுற்றியது. முப்பது வருடத்தில் வெடிப்பைப் பூசி மறைக்கச் சொன்னவர்கள்தான் உண்டு, வெடிப்பைப் பூசச் சொன்னவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தாள். ஈரம் காயாத கான்கிரீட்டில் எண்ணெய்ச் சாயம் நிற்காது. அதனால் தண்ணீர்ச் சாயமும், சிமெண்ட் தூளும், கரித்தூளும், நாலு தூரிகையும் எடுத்து வந்திருந்தாள். ஏற்கப்பட்ட தூணை அப்படியே வரைந்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் கை கேட்கவில்லை. மின்னல் வெடிப்பை வரைந்தவள், அதிலிருந்து மயிரிழை மயிரிழையாகக் கிளை பிரித்தாள். ஓரத்தை வெளிற வைத்து ஆழத்தைக் கருக்கினாள். ஜல்லி உதிர்ந்த குழிகளை ஒவ்வொன்றாகத் தீட்டினாள். குழிக்குள் எந்தப் பக்கம் நிழல் விழும் என்று அறையின் விளக்கைப் பார்த்து வைத்தாள். வளைந்த கம்பிகளை வரைந்து, அவற்றின் கீழே துரு எந்த மேட்டில் தயங்கும், எந்தப் பள்ளத்தில் தேங்கும் என்று பார்த்துப் பார்த்து வழியவிட்டாள். ஆறு வருடமும் திரைக் கண்ணாடிக்குப் பின்னால் செய்த வேலையை முதல்முறையாகக் கையால் தொட்டுச் செய்தாள். கணவர் தண்ணீர் மாற்றிக் கொடுத்தார். மத்தியானம் தாண்டி அவள் தள்ளி நின்று பார்த்தபோது, வெடிப்புக்குள் விரலை விடலாம் போல இருந்தது. அவள் செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை; அது அவளுக்கே தெரிந்தது. சொன்னால் கர்வம் என்பார்கள் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை குழு வந்தது. ஒப்புமை அலுவலர் அளந்து பார்த்துத் தலையாட்டினார். தூண் ஒரு சாண் பருத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. வெடிப்பின் நீளம் சரியாக இருந்தது. உணர்வு அலுவலர் பாசியைத் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். காளான்காரர் ஒரு கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் தூண்கூடக் கற்றுக்கொள்ளும் என்று பேசினார். அவர் திரும்பிப் போகும்போது கோட்டுக் கையில் துரு நிறம் ஒட்டியிருந்தது. மயிரிழைகளை யாரும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அதிகாரி வந்தார். படப்பிடிப்பு விளக்குகள் வைப்பதற்கு முன்னால் அறையை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்பது விதி. வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போனது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு அக்காவின் கணவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பெரிய வெடிப்பை வைத்துக்கொண்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாயா, உனக்கு வேலை ஒரு கேடா என்று கேட்டார். அங்கேயே நின்றபடி, கடமை தவறியதற்காகப் பணிநீக்கம் என்று தாளில் எழுத ஆரம்பித்தார். சார், அது பெயிண்ட் என்றார் கணவர்.

யாரோ ஃபோனில் சொல்லி அக்கா படியிறங்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். கடைசிப் படியில் அதிகாரியின் குரல் கேட்டது.

“முப்பது வருஷமா கட்டடம் பார்க்கறேன்யா. பெயிண்டுக்கும் வெடிப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? தண்ணி எறங்குன வழி தெரியுது, கம்பி உப்புனது தெரியுது. ஜல்லி கொட்டியிருக்கு. இதைவிட நிஜமா ஒரு வெடிப்பை நான் பார்த்ததில்ல.”

அக்காவுக்குக் கால் நின்றுவிட்டது. புருஷன் வேலை போகிற நேரத்தில் மனசு குளிர்ந்துபோனதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் குளிர்ந்தது. ஆறு வருடத்தில் யாரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை.

அவள் மூலையில் இருந்த வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தாள். தூணில் தொங்கிய பலகையை ஒதுக்கினாள். தள்ளி நில்லுங்கம்மா, மேலே விழுந்துவிடும் என்று அதிகாரி அவள் கையைப் பிடிக்க வந்தார். அதற்குள் அவள் ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். வெடிப்பின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மழமழவென்று கான்கிரீட் தெரிந்தது. துணியில் கறுப்பும் துருவும் கலந்து வந்தது.

அதிகாரி கிட்டே வந்து துடைத்த இடத்தை விரல் கணுவால் தட்டினார். கெட்டியாக இருந்தது. துடைக்காத இடத்தில் மெல்ல, பயந்து பயந்து தட்டினார். அதுவும் கெட்டியாகத்தான் இருந்தது. கையில் இருந்த தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இப்படியே விட்டால் நாளைக்கு வேறு ஒருத்தர் வந்து பயந்து இவர்மேல் எழுதிவிடுவார், முழுக்கத் துடைத்துவிடுங்கள் என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

கணவர் துணிக்காகக் கையை நீட்டினார்.

“குடு. நான் தொடச்சுடறேன்.”

“வேணாங்க. நானே தொடைக்கிறேன்,” என்றாள் அக்கா. பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள். “சார், ஒரு நிமிஷம் நல்லாப் பாத்துக்கங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உச்சியிலிருந்து அடிவரை பார்த்தார். மயிரிழை பிரிகிற இடங்களில் குனிந்து பார்த்தார். அவர் பார்த்து முடிக்கிறவரைக்கும் அக்கா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.